கீழே நிற்பவருக்கு ஒரு பாலிசி

கூரை மேல் ஏறப்போகிற மனிதரைக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி, "அண்ணே, நீங்க விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். அதுதான் என் பிழைப்பு. கடைக்கும் காருக்கும் இன்ஷூரன்ஸ் போடுகிற தெருக்களை எல்லாம் எனக்கு முன்னால் வந்த ஏஜென்ட்டுகள் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சமிருந்த ஓடு வேய்கிற காண்ட்ராக்டர்கள் என் பங்குக்கு வந்தார்கள்.

நான் முசிறிப் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். எல்.கே.ஜி. படிக்கிற மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு, அவள் வெளியே வரும் மூன்று மணிக்குள் திருச்சியில் உள்ள கூரைகளை எல்லாம் அண்ணாந்து பார்த்து முடிக்க வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்கிறவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் என் கழுத்து வலிக்காவது இரக்கப்படலாம்.

இந்தக் கழுத்து வலியில் முக்கால்வாசிக்குச் சொந்தக்காரர் ஒரே ஆள். செல்வராஜ் மேஸ்திரி. ஐம்பது வயது. மங்களூர் ஓடு, நாட்டு ஓடு, புது பங்களாக்களில் அழகுக்குப் போடுகிற கலர் ஓடு என்று எல்லாம் போடுவார். தன்னைப் பற்றி யாரிடம் சொன்னாலும், "நான் கீழே நின்னு பாத்துக்கிறவன்" என்றுதான் சொல்வார். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பேர்

உறையூரில் ஒரு வீட்டில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். வேலையாள் யாராவது அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் இழப்பீடும் கிடைக்கிற பாலிசியைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மோர் வாங்கிக் கொடுத்தார். "எத்தனை ஆளுங்கண்ணே?" என்றேன். "ஆறு" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். பத்துத் தலை தெரிந்தது. மறுபடி எண்ணினேன், பத்துதான்.

ஆள் கணக்கைக் குறைத்துச் சொன்னால், விபத்து என்று வரும்போது கம்பெனி அந்தப் பத்துத் தலையையும் எண்ணும், அப்புறம் இழப்பீட்டில் கை வைக்கும் என்று கூரையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்று நானும் பேனாவைத் திறந்தேன்.

"ஆறு பேருதான் தங்கச்சி வேலை செய்வாங்க, மத்த நாலு பேரு சும்மா மேலே நிப்பாங்க" என்றார்.

நாலு மூலைக்கும் பொட்டு

சரி, முதலில் ஆறு பேராவது உள்ளே வரட்டும், அப்புறம் பத்தாக்கிக்கொள்ளலாம் என்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் திருப்பிக் கொடுத்தார். புதுத் தாள் அல்லவா? நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒவ்வொரு மஞ்சளின் நடுவிலும் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி வைத்திருந்திருக்கிறார். எங்கள் வீட்டிலும் புது நோட்டுக்கு அப்படித்தான் செய்வோம். அதனால் நானும் ஒன்றும் நினைக்காமல் ஆபீஸில் கொடுத்துவிட்டேன்.

அந்த விண்ணப்பத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கேள்வி உண்டு. "கடந்த மூன்று ஆண்டுகளில் விபத்து ஏதும் நடந்துள்ளதா?" பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஸ்கேன் செய்தபோது மஞ்சள் மறைந்துவிட்டது. குங்குமம் மட்டும் கறுப்பாக, அச்சடித்த மாதிரி, 'ஆம்' கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. எங்கள் பிராஞ்சில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஞானசேகர் சார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க மேஸ்திரி பொட்டு வெச்சே மூணு வருஷ விபத்தையும் ஒத்துக்கிட்டாரே, எந்தெந்த ஊர்லன்னு அவரைக் கேட்டுச் சொல்றியா?"

நல்லவர் செய்த காரியம்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு பழைய வீடு. அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இந்தக் கூரையில் வழுக்கின ஓடு அடுத்த வீட்டு முற்றத்தில்தான் போய் நிற்கும். அப்படித்தான் ஒரு நாள் நாலு ஓடு போய்விட்டது. அடுத்த வீட்டு மாமியின் முற்றத்துக்கு மேலே போட்டிருந்த கண்ணாடித் தகடு நொறுங்கி, கீழே இருந்த வாஷிங் மெஷின் நசுங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர் சொத்துக்குச் சேதம் வந்தால் ஈடு கட்டுகிற பாலிசியும் மேஸ்திரிக்கு என் தொந்தரவால் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. கடைசியில் இந்த மனிதருக்குப் பாலிசியின் அருமை தெரியப்போகிறது.

அவர் எனக்குப் போன் செய்தது மூன்று நாள் கழித்து. அதற்குள் தட்டில் பழம், வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய், "எங்க தப்புதாங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. புது வாஷிங் மெஷினும் வந்து இறங்கிவிட்டது. நசுங்கினது பழைய இரும்புக்காரரிடம் போயாகிவிட்டது. கம்பெனியைக் கேட்காமல் தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாது, எதையும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது பாலிசியில் முதல் பக்கத்து நிபந்தனை. நான்தான் அதை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தேன். "அடுத்தவங்க வீட்டை உடைச்சிட்டு உங்க ஆபீசரு வர்ற வரைக்கும் எப்படிங்க மூஞ்சியைக் காட்டறது?" என்கிறார்.

சேதத்தைப் பார்வையிட சர்வேயரோடு போனேன். பார்வையிட அங்கே ஒன்றும் இல்லை. முற்றத்தில் கோலம் போட்டிருந்தது. மாமி எங்கள் இரண்டு பேருக்கும் காபி கொடுத்தார்.

"உடைஞ்சது பழசு, அவர் வாங்கித் தந்தது புதுசு, ஸ்வீட் பாக்ஸ் வேற. நீ எதுக்குடிம்மா வந்திருக்கே?"

கோபாலகிருஷ்ணன் யார்?

கம்பெனி பணம் தராமல் போன அந்த அடியில் மேஸ்திரி கொஞ்சம் இறங்கி வந்தார். பத்துப் பேரையும் சேர்த்துவிடு தங்கச்சி என்றார். பெயர்ப் பட்டியல் கேட்டேன். எழுதியே கொடுத்தார். முசிறியான், சொட்டை, பெரிய கறுப்பு, சின்னக் கறுப்பு, மிலிட்டரி, இப்படிப் பத்து. பன்னிரண்டு வருஷமாகக் கூட வேலை செய்கிறவர்களுக்குக்கூட வேறு பெயர் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மிலிட்டரி என்பவர் ராணுவத்தில் இருந்ததும் இல்லையாம்.

எல்லோருடைய ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டு, எந்தப் பெயர் எந்த ஆள் என்று பொருத்திப் பார்க்க வேலை நடக்கிற இடத்துக்கே போனேன். கீழே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். "கோபாலகிருஷ்ணன்" என்று நாலு தடவை கத்தியும் ஒருவரும் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்தான் திறந்தது. கடைசியில் சொட்டை என்பவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே கூரை விளிம்புக்கு வந்தார்.

"அது நான்தாங்க. அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சா, வேற யாரையோ தேடுறீங்கன்னு நின்னுட்டேன்."

வாளியில் போன டீ

ஆடி பிறந்ததும் மேஸ்திரி ஆட்களோடு சமயபுரத்துக்குப் போனார். மூன்று மாடி லாட்ஜ் ஒன்றின் உச்சியில் சரிவாகக் கூரை போட்டு ஓடு வேய்கிற வேலை. ஆடிக் கூட்டத்தில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடுவதற்கே அரை மணி ஆனது. கீழே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா டீ கிளாஸ்களை ஒரு வாளியில் அடுக்கி, மேலேயிருந்து தொங்கின கயிற்றில் கட்டிவிட்டார். மேலே இழுத்தார்கள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? எண்ணினேன். பதினொன்று.

பட்டியலில் பத்துப் பேர். இன்னொரு ஆளை ஒளித்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்தில் டீயைப் பாதியிலேயே கீழே வைத்தேன். ஆதார் வாங்கி, பெயர் பொருத்தி, ஞானசேகர் சாரிடம் கெஞ்சி, எல்லாம் செய்தது இதற்குத்தானா? "யாருக்கா அந்தப் பதினொண்ணாவது ஆளு?" என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டினார். கூரையின் உச்சியில், முகட்டு ஓட்டின் மேல், இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டம் போட்ட சட்டையை எனக்குத் தெரியும்.

"பத்து டீ சர்க்கரை போட்டு, ஒண்ணு போடாம. சுகர் உங்க மேஸ்திரிக்குத்தானே இருக்கு?"

எந்த ஊர் நாய்

இங்கேதான் விஷயம். வேலையாட்களுக்கான பாலிசி வேலையாட்களுக்குத்தான். முதலாளிக்கு அதில் இடம் கிடையாது. கீழே நிற்கிறவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அத்தனை பேரிலும் உயரமான இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரே ஆளுக்கு மட்டும் ஒரு பாதுகாப்பும் இல்லை. அவருக்குத் தனியாக ஒரு விபத்து பாலிசி வேண்டும். சொன்னேன். "ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்கக் கூடாது தங்கச்சி, ஆவணி பொறக்கட்டும்" என்றார். அப்படியானால் இந்தக் கூரை வேலை என்றேன். அதற்கு ஆனியிலேயே முகூர்த்தம் பார்த்து ஒரு ஓடு வைத்துவிட்டாராம். அதனால் அது பழைய வேலையாம். ஆடிக்காற்றில் கூரை உச்சியில் உட்காரலாம், கையெழுத்துப் போடக் கூடாது. இதை என் மகளிடம் சொன்னால்கூட ஏம்மா என்று கேட்பாள்.

நாலைந்து நாள் கழித்து மேஸ்திரியின் மனைவி மல்லிகா அண்ணி போன் செய்தார். அதுவரை என்னிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசினவர் இல்லை. மேஸ்திரி பேன்ட் கிழிந்து, நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். கேட்டால் நாய் துரத்தியது என்கிறாராம். அண்ணி சொட்டைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டார். ஓடு தாங்குகிற ரீப்பர் கட்டை ஒன்று முறிந்து, மேஸ்திரியின் ஒரு கால் தொடை வரைக்கும் உள்ளே போய், இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்கிற வரைக்கும் அப்படியே தொங்கியிருக்கிறார். சறுக்கியிருந்தால் கீழே மூன்று மாடி. அண்ணி குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளும் இன்னும் காலேஜில் படிக்கிறார்கள்.

"தொடையிலேர்ந்து நாலு மரச் சிலாம்பு எடுத்தேம்மா, எந்த ஊரு நாய்க்கு மரத்துல பல்லு இருக்கு?"

அம்மா மண்டபம்

ஆவணி வரைக்கும் காத்திருக்க எங்கள் இரண்டு பேராலும் முடியாது. அண்ணிதான் வழி சொன்னார். ஆடியிலேயே ஒரு நாள் உண்டே, எதை ஆரம்பித்தாலும் பெருகும் என்று நகைக்கடை வாசலில் கூட்டம் நிற்கிற நாள். பதினெட்டாம் பெருக்கு அன்று விண்ணப்பத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போனேன். காவிரிப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அண்ணி புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி காதோலை கருகமணியைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பிக்க ஒரு படிகூட இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு நாள் நன்றாயில்லை என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. எலுமிச்சம்பழச் சாதத் தூக்கின் மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையெழுத்துப் போட்டார். அண்ணி மஞ்சள் கையோடு தாளின் மூலையைப் பிடிக்க வந்தபோது, "அண்ணி, முன்பக்கம் வேணாம், பின்பக்கம் எவ்வளவு வேணும்னாலும் வைங்க" என்று நான் போட்ட சத்தத்தில் படித்துறையே திரும்பிப் பார்த்தது.

"சரி, போட்டாச்சுல்ல, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு முகட்டை முடிச்சிடணும்" என்று எழுந்தார் மேஸ்திரி. நான் அவரை உட்கார வைத்தேன். இன்றைக்கு ஆபீஸ் லீவு. நாளைக்குப் போய்ப் பணம் கட்டி, ரசீது போட்டு, பாலிசி நடப்புக்கு வர மத்தியானம் ஆகும் என்றேன். "அரை நாள்தானே" என்றார் அவர். அண்ணி கயிற்றை முடிந்துகொண்டே அவர் பக்கம் திரும்பினார்.

இத்தனை மாசமாக நான் கழுத்து வலிக்க வலிக்க விற்றுக்கொண்டிருந்ததை எல்லாம் அண்ணி ஒரு பைசா கமிஷன் இல்லாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்: "ஏங்க, ஊரெல்லாம் கீழே நின்னு பாத்துக்கிறவன்னு சொல்வீங்களே, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நெசமாவே கீழே நில்லுங்க."