கழுவிவிட்ட சோறு

பாலில் பிஸ்கட் ஊறுகிற வாசனை வந்தால் எனக்கு டீ இறங்காது. எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நாய்க்குட்டிக்குத் தினமும் அதுதான் ஆகாரம். நேற்றுப் பொறுக்கமாட்டாமல் அந்த வீட்டுப் பெண்ணிடம், "இதுக்கு எத்தன பேரும்மா சாப்பாடு வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

பல வருஷத்துக்கு முந்தி, தல்லாகுளத்தில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. திருநகரில் ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு வாடகை வீடுகள்; அதில் கடைசி வீடு எனக்கு. அந்த வயதில் எனக்குச் சுத்தப் பைத்தியம் வேறு, சட்டையில் ஒரு சொட்டு டீ பட்டால் நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு செவலை நாய் நான்கு குட்டி போட்டது. மாடியில் குடியிருந்த வீட்டு ஓனர் எல்லோரையும் கூப்பிட்டு, "எவனாச்சும் நாய்க்குச் சோறு வச்சா மறுநாளே வீட்டைக் காலி பண்ணிரணும்" என்றார். தலையை ஆட்டினோம்.

ஒரு மாதத்தில் குட்டிகளுக்குப் பல் முளைத்தது. பால் குடிக்க முட்டினால் தாய் எழுந்து போய்விடும். "பெத்த புள்ளைகளத் தவிக்க விட்டுட்டுப் போகுது பாருங்க தம்பி" என்றார் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா. எனக்கும் ஆத்திரம்தான். அது எங்கேயோ போய்த் தின்றுவிட்டு வந்து குட்டிகள் முன்னால் கக்கும். குட்டிகள் வாய் வைப்பதற்குள் நான் வாளித் தண்ணீரோடு போய், குமட்டிக்கொண்டே அத்தனையையும் கழுவிவிடுவேன். அப்புறம் ஓனர் கண்ணில் படாமல் ஒரு டம்ளர் பாலில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுப்பேன். பெரிய புண்ணியவான் என்று நினைப்பு.

குட்டிகளின் வயிறு உருண்டு திரண்டது. பார்த்துப் பூரித்துப்போனேன், மடையன். பிறகு கழிச்சல் கண்டது. இரண்டே நாளில் மூன்று போய்விட்டன. நான்காவதைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாட்டு டாக்டரிடம் ஓடினேன். தினம் ஒரு டம்ளர் பாலில் பிஸ்கட் ஊறவைத்துக் கொடுத்ததைச் சொன்னேன்.

"ஒரு டம்ளர் பாலுக்கா வயிறு இம்புட்டு ஊதியிருக்கு? தாய் கக்கிப் போடலையா?"

"போட்டுச்சு சார். நான்தான் கழுவிவிட்டேன்."

"அதுதான்யா குட்டிக்குச் சோறு. அது பாலை மறக்க வைக்கிறதே அப்படித்தான்."

ஊசி போட்டார். வீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்தபோது குட்டி செத்துப்போயிருந்தது.

முற்றத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். "நான் மூணு வேளையும் இட்லிய பால்ல பிசைஞ்சு வச்சேனே தம்பி" என்று மும்தாஜ் அக்கா அழுதார். மற்ற இரண்டு வீட்டிலும் பருப்புச் சோறு, ரஸ்க். ஓனருக்குப் பயந்து யாரும் அடுத்தவரிடம் மூச்சு விடவில்லை. கடைசியாக ஓனரே இறங்கி வந்தார். கையில் ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு.

"காலையில கூட தின்னுச்சேப்பா" என்றார்.

மறுநாள் தாய் வந்து படிக்கடியில் கக்கியது. நான் வாளியைத் தொடவில்லை. அது வெகுநேரம் காத்திருந்தது. பிறகு அதைத் தானே தின்றுவிட்டு எழுந்து போனது. திரும்ப வரவேயில்லை.

அந்த வீடுகளை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். ஓனரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது படிக்கட்டு இருந்த இடத்தைத் தேடினேன். அந்தச் செவலையை நினைத்து ஒரு நிமிஷம் தலைகுனிந்து நிற்கக்கூட இடமில்லை, கார் நிறுத்தியிருந்தார்கள்.