பெரியப்பா காட்டு வழி

ஏழாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு பொய் சொன்னேன். நல்ல பொய். அதனால் எனக்குப் பள்ளிக்கூடம் போக ஒரு வழி கிடைத்தது. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படுவதில்லை.

எங்கள் வீடு பெருமாநல்லூருக்கு வெளியே, தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மெயின் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். காலை எட்டரை மணிக்கு அந்த ரோட்டில் யாருக்கும் யாரையும் பார்க்க நேரமிருக்காது. ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன்கள், சாயம் போட டையிங் பட்டறைக்குத் துணி கொண்டு போகும் டெம்போக்கள், ராங் சைடில் வரும் பைக்குகள், ஓரத்து மண்ணில் நான். என் சைக்கிளில் மணி இருந்தது. அடித்தால் எனக்கே கேட்காது.

ஒரு புதன்கிழமை டெம்போ ஒன்று என்னை ஒட்டிப் போனது. அதில் அளவுக்கு மீறி அடுக்கியிருந்த துணி ரோல்களில் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்து, என் புத்தகப் பையைத் தட்டிவிட்டது. நான் சைக்கிளோடு ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்தேன். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்த டிரைவர் தெற்கத்திக்காரர். “ஏ தாயீ, அடி பட்டுருச்சா?” என்று கேட்டு என்னைவிட அதிகமாக அழுதார். கடைசியில் நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தேன்.

அப்பாவுக்குத்தான் என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பேச்சையும் துணி வெட்டுகிற மாதிரிதான் வெட்டுவார். “இனி சைக்கிள் வேண்டாம். திங்கக்கிழமையிலிருந்து வேன்ல போ கண்ணு” என்றார். பள்ளிக்கூட வேன் ஆறே முக்காலுக்கு வரும். ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு இறக்கிவிடும். அதற்குள் ஒரு பிள்ளையாவது வாந்தி எடுத்திருக்கும். எனக்கு அந்த வாந்தியைவிட, சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் சும்மா நிற்கப் போவதுதான் பெரிய துக்கமாக இருந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். அதாவது, அம்மா பார்க்கும்போது சாப்பிடாமல்.

தொல்லை தாங்காமல் அப்பா, “அந்த ரோட்டை மிதிக்காத ஒரு வழியிருந்தாச் சொல்லு, பாக்கலாம்” என்றார். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது. நான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன்.

ஏனென்றால் ஒரு வழி இருந்தது. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் பெரியப்பாவின் சோளக்காடு. அதன் நடுவில் வண்டித்தடம் ஒன்று போகும். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரி. அந்தச் சந்து வழியே நேராகப் போனால் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வந்துவிடும். ஆனால் நாலு வருடத்துக்கு முன்பு பெரியப்பா அந்தத் தடத்தில் இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அப்பா கோர்ட்டுக்குப் போனார்.

வழக்கு இவ்வளவுதான். காலங்காலமாக எல்லோரும் போய்வந்த தடம், அதில் போக யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது அப்பாவின் கட்சி. அது என் காடு, தம்பி வாயைத் திறந்து கேட்டால் விடுகிறேன் என்பது பெரியப்பாவின் கட்சி. கேட்டுவிட்டால் உரிமை இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அப்பா கேட்கவில்லை. கேட்காதவனுக்கு எதற்கு விட வேண்டும் என்று பெரியப்பா விடவில்லை. மாதம் ஒரு வாய்தா. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேரும் இலையை மட்டுமே பார்த்துச் சாப்பிடுவார்கள். அந்த வயதில் எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ கேட் தகராறு என்று மட்டும் தெரியும்.

சனிக்கிழமை காலை நான் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் ஷெட்டில் இரண்டு ஓவர்லாக் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

“தடத்துல சைக்கிள்ல போறதுக்கு உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க பெரியப்பா.”

“ஆரு?”

“எங்கப்பாங்க.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவனே சொன்னானா?”

“ஆமாங்க. அண்ணங்கிட்டக் கேட்டுக்கிட்டுப் போன்னாருங்க.” பொய்யென்று வந்துவிட்ட பிறகு அரைகுறையாகச் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை.

பெரியப்பா சாவியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. திரும்ப ஷெட்டுக்குப் போய் மெஷினுக்கு விடுகிற எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றித் திறந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எண்ணெய் தெறித்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்பாவிடம் நான் பொய்யே சொல்லவில்லை. “பெரியப்பாவே கேட்டைத் தொறந்து உட்டுட்டாருங்க” என்றேன். அப்பாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம், “கேஸுல தன்னோட கட்சி நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு அவருக்கு” என்று மீசையைத் தடவிக்கொண்டார். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் இரண்டு பேர் ஜெயித்திருந்தார்கள். மூன்றாவதாக நானும்.

அந்த வழி போல் ஒரு வழி எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. ரோட்டைவிடப் பத்து நிமிடம் கூடுதல் ஆகும். ஆனால் இட்டேரியில் எதிரே வருவது அதிகம் போனால் பால்கார மொபெட். கிளுவை வேலியின் நிழல் எட்டரை மணிக்கும் ஈரமாக இருக்கும். மயில்கள் நடுவில் நிற்கும். மணி அடித்தால் நகராமல் முறைக்கும், நான் இறங்கி உருட்டிக்கொண்டு போவேன். மேட்டிலிருந்து இறங்கும் இடத்தில் இரண்டு கையையும் விட்டு ஓட்டக் கற்றுக்கொண்டேன். வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா ஒரு தார் வாழைப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். நாலு வருடமாக வராதவர். அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். நான் கதவுக்குப் பின்னால் போனேன்.

பெரியப்பா உட்காரவில்லை. “புள்ளைகிட்டச் சொல்லி நீ கேட்டு உட்டியே தம்பி, அந்த ஒரு சொல்லு போதும். நாலு வருசமா அதுக்குத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நானும் ரொம்ப முறுக்கிட்டேன்” என்றார். தோளிலிருந்த தாரை இறக்கி வைத்தார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தார். இடுக்கில் நான் தெரிந்திருப்பேன். ‘நான் எங்கே கேட்டேன்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழியும் போகும், சைக்கிளும் போகும். அம்மா அடுப்படியில் பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

“ஆமாங்ணா” என்றார் அப்பா. “நாந்தான் கேக்கச் சொன்னேன். உக்காருங்க.”

பெரியப்பா காபி குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்கு அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டு, “வேற என்னென்ன சொன்னேன் நானு?” என்று கேட்டார்.

“அவ்வளவுதானுங்கப்பா.”

“செரி, போ” என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. பொய் சொல்வதில் அப்பாவும் கெட்டிக்காரர்தான், என் பொய்யை எவ்வளவு அழகாகக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. அந்த ஒரு சொல்லில் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த மாத வாய்தா அன்று அப்பா கோர்ட்டுக்குக் கிளம்பவில்லை. “போகலீங்களா?” என்று அம்மா கேட்டதற்கு, “அதான் கேட்டாச்சுல்ல, இனி அங்க நமக்கு என்ன வேலை?” என்றார். கோர்ட்டு லீவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் சைக்கிளை எடுத்தேன்.