ஜன்னலைச் சாத்தும் தளபதி

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு நீராவி என்று பெயர். உருளை இஸ்திரி எந்திரத்தின் முன்னால் நின்று ஈர விரிப்புகளை உள்ளே கொடுப்பது அவள் வேலை. கொதிக்கும் உருளையில் ஈரம் பட்டதும் எழும் மூட்டத்தில் அவள் முகம் தெரியாது, இரண்டு கைகள் மட்டும் தெரியும். பெயர் வந்தது அதனால்தான். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

அறுவைக்கூடத்து விரிப்புகளில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருக்கும். மூட்டையைப் பிரித்தால் கத்தரிக்கோல் விழும், ஊசி விழும். ஒருமுறை தலையணை உறைக்குள்ளிருந்து வேரோடு ஒரு பல் விழுந்தது. மடிப்பு மேஜையில் நிற்பவள் அதை இடுக்கியால் எடுத்து, "யாரோ புருஷன்கிட்ட வாயைத் திறந்து பேசியிருக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீராவியும் சிரித்தாள். சிரித்தபோது கன்னத்தின் உள்பக்கம் வலித்தது. அந்த வாரம் அவளுக்கும் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் கணவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். குழந்தைகளை அதட்டாதவன், நடுச்சாலையில் வைத்துத் திட்டினாலும் "சரிங்க" என்று சிரிப்பவன் என்று ஊருக்குள் நல்ல பெயர். வீட்டில் அவள் கையை இரண்டு முறை முறித்திருக்கிறான். காதுக்குப் பின்னால் மயிர் முளைக்காத ஓர் இடம் உண்டு, அது அடுப்புத் திட்டின் விளிம்பு பட்ட இடம். முதல் முறை கை முறிந்தபோது அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லி, கட்டோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பழமொழியை உண்டாக்கிய ஆள் அடி வாங்கியவராக இருந்திருக்க முடியாது. அணைக்கிற கைக்கு அடிக்கிற உரிமை யார் கொடுத்தது என்று கேட்க, அதைத் திருப்பிச் சொன்ன வாய்களில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை. அதன்பிறகு அவள் யாரிடமும் போகவில்லை. ரத்தம் அலசிய விரிப்புகளை உருளைக்குக் கொடுக்கும்போதெல்லாம் ஒரே ஒரு கணக்கு மனதில் ஓடும்: என்றைக்காவது ஒருநாள் இந்த மூட்டையில் தன்னுடைய விரிப்பும் வரும். அன்றைக்கு அதை உருளையில் கொடுக்கத் தான் இருப்போமா, மாட்டோமா?

சாப்பாட்டு வேளையில் மடிப்பு மேஜை சீட்டு மேஜையாகிவிடும். கடையில் வாங்கிய சீட்டு இல்லை. பாய்லரைப் பார்த்துக்கொள்பவன் கஞ்சிப் பசைப் பெட்டி அட்டையை நறுக்கி உண்டாக்கிய ஆட்டம். ஆளுக்கொரு கோட்டை. அதைக் காக்கவும் எதிரியின் கோட்டையை உடைக்கவும் வீரர்கள், பூதங்கள், சூனியக்காரிகள். ஒவ்வொரு சீட்டிலும் வலு என்று ஓர் எண், அது எவ்வளவு அடிக்கும் என்பது. தாங்கு என்று இன்னோர் எண், அது எவ்வளவு அடி வாங்கினால் விழும் என்பது. கீழே ஒரு நிபந்தனை, அந்தச் சீட்டு எப்போது வேலை செய்யும் என்பது. சின்னச் சீட்டுகள் கவிழ்ந்தே கிடக்கும்; எந்தச் சீட்டை இறக்கவும், யாருடையதை நிமிர்த்தவும் புளியங்கொட்டைதான் விலை.

அந்த மேஜைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. கோட்டையை இழந்தவர்தான் புதுச் சீட்டு செய்ய வேண்டும். ஜெயித்தவனுக்குப் புதிதாக யோசிக்க என்ன இருக்கிறது, என்ன ஆயுதம் வேண்டும் என்று உதைபட்டவனுக்குத்தானே தெரியும் என்பான் பாய்லர்காரன். செய்த சீட்டைச் செய்தவர் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. வேறொருவர் அதை எடுத்து ஆடுவார், செய்தவர் அதை எதிர்த்து ஆட வேண்டும். நிபந்தனையை மேஜையில் கண்ணுக்குத் தெரிகிறபடி எழுத வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் நீராவி மாட்டிக்கொண்டாள். அவள் வாழ்க்கை திரும்பியதும் அதில்தான்.

அவள் கோட்டை விழுந்தது. புதுச் சீட்டு செய்தாள். துணியில் குறி போடும் மைப் பேனாவால் தலை முதல் கால்வரை இரும்பு போர்த்திய ஒருவனை வரைந்து, இரும்புத் தளபதி என்று எழுதினாள். வலு ஒன்பது. தாங்கு ஒன்பது. நிபந்தனை: கோபம் வந்தால் தன் படையையே வெட்டுவான்.

வேன் ஓட்டுபவன் வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "தன் ஆளையே வெட்டுற தளபதியை எவன் விலை குடுத்து இறக்குவான்?"

"இறக்கும்போது எவன் சொன்னான், வெட்டுவேன்னு?" என்றாள் மடிப்புக்காரி.

கல்யாணமான பெண்கள் சிரிக்கவில்லை. பாய்லர்காரன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோபம் என்பது மேஜையில் தெரியாதே, அது எப்போது வரும் என்று கேட்டான்.

"திடீர்னு வரும் அண்ணே."

"திடீர்னா? என் பாய்லர்கூட வெடிக்கறதுக்கு முன்னாடி முள்ளு ஏறிக் காட்டுது. இவன் அதைவிடப் பெரிய கொம்பனா?"

சீட்டு திரும்பி வந்தது. குடித்தால் வெட்டுவான் என்று மாற்றினாள், பக்கத்தில் சாராயப் பீப்பாய்ச் சீட்டு விழுந்தால் என்று பொருள். எழுதி முடிப்பதற்குள் அவளுக்கே உறுத்தியது. பேருந்து முதலாளி வீட்டு விருந்தில் அவன் மூக்கு முட்டக் குடித்திருந்தான். எல்லோர் முன்னாலும் முதலாளி அவனை நாயே என்றார். அவன் சிரித்துக்கொண்டே அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். குடியை அடித்தாள். எதிர்த்துப் பேசினால் என்று எழுதினாள். அவனை நாள் முழுக்க எதிர்த்துப் பேசுகிறவர்கள் பேருந்து நிறைய இருந்தார்கள், யாருக்கும் பல் ஆடவில்லை. அதையும் அடித்தாள். அட்டையில் கோடுகள் ஏறின. இத்தனை வருடம் தான் நம்பிய காரணங்களெல்லாம் ஒரு பசைப் பெட்டி அட்டையில்கூட நிற்கவில்லை என்பது அவளுக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த முறை அடி விழுந்தபோது அவள் முதன்முதலாகப் பார்த்தாள். அதுவரை கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருந்தாள்.

பள்ளி விட்டு, பேருந்தை நிறுத்திவிட்டு, வெயில் தாழாத நேரத்தில் வந்தான். சட்டைப் பொத்தானைப் பற்றி ஏதோ கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் ஜன்னலிடம் போனான். எதிர்வீட்டுக்காரி ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டான். வாசல் கதவையும் தாழிட்டான். முன்னறையில் மாமியார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். யாரும் சொல்லவில்லை, விரல் தானாகப் போயிற்று. அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, வாரை மடித்து, அலமாரியில் வைத்தான். பிறகுதான் அவள் தலைமயிரைப் பிடித்தான்.

முதல் அடியில் அவள் சுவரில் மோதினாள். விழுந்தவளை விலாவில் உதைத்தான். உள்ளே ஏதோ குச்சி முறிகிற மாதிரிச் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. முழங்காலை அவள் மார்பில் ஊன்றி, முகத்தை விட்டுவிட்டு, ரவிக்கை மூடுகிற இடங்களாகப் பார்த்துக் குத்தினான். வாயில் உப்புக் கரித்தது. தரையில் கிடந்தபடி அவள் அலமாரியைப் பார்த்தாள். கடிகாரம் பத்திரமாக இருந்தது.

மறுநாள் மூச்சு இழுக்க முடியாமல் வேலைக்கு வந்தாள். சாப்பாட்டு வேளையில் எல்லாக் கோடுகளுக்கும் கீழே எழுதினாள்: பக்கத்துச் சீட்டுகள் கவிழ்ந்திருந்தால் மட்டும் வெட்டுவான், தன் படையானாலும் எதிரியானாலும்.

"இது விதி" என்றான் பாய்லர்காரன். "கண்ணுக்குத் தெரியுது."

தளபதியை அவன் எடுத்துக்கொண்டான். அவள் எதிர்த்து ஆடினாள். முன்பெல்லாம் வலுவுள்ள சீட்டு எதிரே வந்தால் தன் படையை ஒளித்து ஒளித்து வைத்துத் தோற்பாள். இப்போது பலமுள்ள சீட்டுகளை விட்டுவிட்டு, தளபதியின் இரண்டு பக்கமும் நிற்கிற ஒன்றுக்கும் உதவாத தண்ணீர்ப்பெண்களையும் மேய்ப்பன்களையும் நிமிர்த்துவதற்கே புளியங்கொட்டை எல்லாவற்றையும் செலவழித்தாள். அவர்கள் முகம் மேலே பார்த்துக் கிடக்கும்வரை வலு ஒன்பது அசையாமல் நின்றது. பாய்லர்காரனின் கோட்டை விழுந்தது.

மடிப்புக்காரி சீட்டைக் கையில் எடுத்தாள். "எல்லாம் சரி. தாங்கு எதுக்கு ஒன்பது? இவனை யாராவது அடிச்சுப் பாத்திருக்காங்களா?"

அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே நீராவிக்குத் தெரியாது. மடிப்புக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்து, சட்டைக் கையை மேலே தள்ளினாள்.

"உருளை சுட்டுடுச்சுன்னு சொன்னியே. உருளைக்கு நாலு விரலும் கட்டைவிரலும் உண்டா தங்கச்சி?"

வேன்காரன் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினான். நீராவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு திருப்புளி. பாய்லர்காரன் எதற்கென்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். வேண்டுமானால் தானே வந்து கழற்றித் தருவதாக மட்டும் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டாள்.

சனிக்கிழமை மாமியார் கண் மருத்துவரிடம் போன நேரத்தில் ஜன்னல் தாழையும் வாசல் தாழையும் கழற்றிச் சாக்கடையில் போட்டாள். அன்று மதியமே அரைநாள் பள்ளி முடித்து வந்த அவன் சோற்றில் கை வைத்தபடி ஏதோ கேட்டான். கையைக் கழுவிவிட்டு ஜன்னலிடம் போனான். சாத்தினான். அது மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினான், மறுபடி திறந்தது. எதிரே ஸ்கூட்டர் துடைப்பவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளுக்கு ஒரு சிரிப்புச் சிரித்தான். வாசலுக்குப் போனான், அங்கே தாழ் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. கழற்றிய கடிகாரம் கையில் இருந்தது. ஒரு கணம் அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்றே அவள் நினைத்தாள்.

அவள் மறந்தது குளியலறை. அந்தக் கதவுக்கும் ஒரு தாழ் இருந்தது.

மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டான். அவள் நெற்றியைக் குழாயில் மோதினான். இரண்டாவது மோதலில் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மூடியது. தலையை வாளிக்குள் அழுத்தினான். தண்ணீர் சிவந்தது. வழக்கம்போல முன்னறையில் தொலைக்காட்சி அலறத் தொடங்கியது. ஆனால் இந்த முறை ஜன்னலும் வாசலும் திறந்து கிடந்தன. அந்தச் சத்தம் வீட்டுக்குள் எதையும் மறைக்கவில்லை, தெருவையே கூப்பிட்டது. மூச்சு வாங்க ஒருமுறை தலை வெளியே வந்தபோது, ஸ்கூட்டர்காரி வாசலில் நின்று, "என்ன அத்தை இது, காது கிழியுது" என்று கத்துவது நீராவிக்குக் கேட்டது. அவள் வாயைத் திறந்து அலறினாள். கல்யாணமான பிறகு அவள் போட்ட முதல் கூச்சல் அது.

அவன் அவள் தொண்டையைப் பிடித்தான். அவள் கைக்குத் துணி துவைக்கும் முக்காலி அகப்பட்டது. கண் தெரியாமல் வீசினாள். அது அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பில் மரம் பட்ட சத்தம் கேட்டது. அவன் கையை விட்டுவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்தான். "அம்மா, அம்மா, என்னைக் கொல்றாம்மா" என்று ஏங்கி ஏங்கி அழுதான். அவள் முக்காலியை இரண்டாவது முறை ஓங்கினாள். அவன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினான். ஓங்கியதைக் கீழே வைத்துவிட்டுத் தாழைத் திறந்தாள். வெளியே பாதித் தெரு நின்றது.

புருவத்துக்கும் மண்டைக்கும் தையல் போட்டார்கள். விலா முறிந்து சில நாளாகிறது என்றார்கள். அவள் துணி வெளுக்கும் அதே மருத்துவமனைதான். மறுநாள் மடிப்புக்காரி பார்க்க வந்தாள். உன் விரிப்பு காலையில் மூட்டையில் வந்தது, கறை போகவில்லை, இரண்டாம் அலசலுக்குப் போட்டிருக்கிறேன் என்றாள். பிறகு பையிலிருந்து தளபதியையும் மைப் பேனாவையும் எடுத்தாள்.

"தாங்கு என்ன போடட்டும்?"

வீங்கிய உதட்டோடு நீராவி சொன்னாள்: "ஒண்ணு."

புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில் அவர்களை உட்கார வைத்து, இது குடும்ப விஷயம், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார் அதிகாரி. ஒரு பெண்ணின் மண்டை பிளந்தால் குடும்ப விஷயம், ஓர் ஆணின் பர்ஸ் போனால் குற்றம். இதுதான் நாம் கட்டி வைத்திருக்கும் சட்டத்தின் லட்சணம். அவன் சித்தப்பா இதமாகப் பேசினார். தங்கமான பையன், ஊரில் கேட்டுப் பார், கோபத்தில் நடந்துவிட்டது என்றார்.

"கோபம் கண்ணை மறைச்சுடும்மா. அந்த நேரத்துல என்ன செய்யறோம்னு மனுஷனுக்குத் தெரியாது."

நீராவி தலைக்கட்டோடு நிமிர்ந்தாள். குரல் உயரவில்லை.

"ஜன்னலைச் சாத்தணும்னு தெரியுது மாமா. கடிகாரம் உடையாம கழட்டி வைக்கணும்னு தெரியுது. ரவிக்கை மூடற இடமாப் பாத்து அடிக்கணும்னு தெரியுது. வேற என்ன தெரியல?"

அதிகாரி பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"கடிகாரத்தைக் கழட்டினீங்களா?"

அவன் வலது கையால் இடது மணிக்கட்டை மூடிக்கொண்டான்.