பொன்னுருக்குக்கு முன்னால் போனவன்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வீடு தெரியாது, வேலிதான் தெரியும். ஆளுயரத்துக்கு மேலே ஓலை வேலி, நடுவில் வாசற்கதவாக ஒரு படலை. அந்தப் படலைக்கு வெளியே நின்று சைக்கிள் மணியை அடிக்க வேண்டும். உள்ளேயிருந்து “ஆரது?” என்று குரல் வரும். என் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. “கண்டிக்காரன் வந்திருக்கேங்க” என்றால்தான் செருப்புச் சத்தம் கேட்கும். நான் மாத்தளைக்காரன், கண்டியில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. ஆனால் மலை இருக்கிற ஊரெல்லாம் இவர்களுக்குக் கண்டிதான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். மாத்தளையில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போல வடக்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மணி அடித்துவிட்டு நிற்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் தனிமை என்றால் என்னவென்று எனக்குத் தெரிகிறது.

மாத்தளைக் கடைத்தெருவில் என் கடையை மறந்திருக்க மாட்டீர்கள். மணவறை, நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு. என் தொழிலில் பாதி கட்டுவது, மீதிப் பாதி நடப்பது. யாராவது ஒருமுறை விலை விசாரித்துவிட்டால் எட்டாம் நாள் அவர்கள் வாசலில் நிற்பேன். “தேதி குறிச்சாச்சாங்க?” என்பேன். டீ வரும். இன்னும் முடிவாகவில்லை என்றால் அதற்கடுத்த எட்டாம் நாளும் போவேன். மாப்பிள்ளைகூட இத்தனை தடவை வரவில்லையே என்று பெண் வீட்டார் கேலி செய்வார்கள். செய்துவிட்டு வேலையையும் எனக்கே தருவார்கள். எண்பத்து மூன்று ஆடியில் கடை எரிந்தது. அதை விவரிக்க இன்னும் மனம் வரவில்லை. மனைவியிடமும் அவள் அம்மாவிடமும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது, என்னிடம் இல்லை. மகளையும் கூட்டிக்கொண்டு அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறித் திருச்சிக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் நாலு கல்யாணம் பிடித்ததும் வீடு பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று நான் சொன்னேன். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தேன். பலகை வாங்கி, ஜிகினாத் தாள் ஒட்டி, நானே புது மணவறை செய்தேன். மூன்று மாதம் அது சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சனம் நல்ல சனம். சாப்பிட்டீரா என்று கேட்பார்கள், ஊர் நிலைமை விசாரிப்பார்கள். தங்கள் வீட்டு விசேஷத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “உம்மடை மணவறைக்கு என்ன வாடகை? சும்மாதான் கேக்கிறன்” என்றார். சொன்னேன். “பிறகு கதைப்பம்” என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நடந்தார். அன்றிரவே மனைவிக்கு எழுதினேன், முதல் கல்யாணம் கிடைத்த மாதிரித்தான் என்று.

எட்டாம் நாள் வெளுத்த சட்டை போட்டு, மாத்தளைக் கல்யாணப் படங்கள் ஒட்டிய ஆல்பத்தோடு மாஸ்டரின் படலையில் நின்றேன். மணி அடித்தேன், யாரும் வரவில்லை. பக்கத்து வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அடுத்த வீட்டாள் நுழைந்து போக விட்டிருக்கும் இடைவெளி அது. அதனூடாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஆரைத் தேடுறியள்?”

“மாஸ்டரைத்தாங்க. மணவறை விஷயமா விசாரிச்சிருந்தாரு.”

“ஓ! எப்பவாம் கலியாணம்?”

“அதைக் கேட்கத்தாங்க வந்தேன்.”

அவள் ஆல்பத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள். காட்டினேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களுக்கும் காட்டினேன். நாளைக்கு இவர்கள் வீட்டிலும் கல்யாணம் வரும் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி விளக்கம் சொன்னேன். அன்றைக்கு என்னைப்போல் சந்தோஷமாகச் சைக்கிள் ஓட்டியவன் பலாலி வீதியில் இருந்திருக்கமாட்டான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனேன். மாஸ்டரின் மனைவி படலை வரைக்கும் வந்தார். திறக்கவில்லை.

“தம்பி, தாலிக்குப் பொன்னுருக்கி முடியுமட்டும் நாங்கள் கூடப்பிறந்ததுகளுக்கும் வாய் திறக்கிறேல்லை. நீர் றோட்டிலை நிண்டு ஊருக்குப் படம் காட்டியிருக்கிறீர். ஆரோ மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடிதம் போட்டிட்டினம், பிள்ளைக்குத் தீராத நோய் வருத்தமெண்டு. அவையள் இனி வேண்டாமாம்.”

மன்னிப்புக் கேட்டேன். “உங்கடை ஊரிலை உப்பிடித்தானோ?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். படலை இடுக்கால் பார்த்தேன், உள்ளே மாஸ்டரின் மகள் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கத்தில் சைக்கிளில் ஏறவே தோன்றவில்லை, அறை வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தேன்.

அதன்பிறகு நான் யார் படலைக்கும் போகவில்லை. கடைகளுக்கு ஒலிபெருக்கி திருத்தி வயிற்றைக் கழுவினேன். எங்காவது மாஸ்டர் வீட்டுப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன். முன்பெல்லாம் மனைவியின் கடிதத்தில் முதல் வரியே “எத்தனை கல்யாணம் பிடித்தீர்கள்?” என்றுதான் இருக்கும். வர வர அந்தக் கேள்வி கடைசி வரிக்குப் போனது, பிறகு காணாமல் போனது. எப்போது வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை. ஊரார் வாசலிலெல்லாம் எட்டு நாளுக்கொருமுறை போய் நின்றவனுக்குச் சொந்த மனைவியிடம் இரண்டாவது தடவை கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த வைகாசியில் மாஸ்டரே என் அறைக்கு வந்தார். மகளுக்கு வேறு இடத்தில் பேசியிருக்கிறார்கள். “இண்டைக்குக் காலமை பொன்னுருக்கு முடிஞ்சுது. இனி ஆரும் குழப்பேலாது. வாற புதன் கலியாணம், மணவறை உம்மடைதான்” என்றார். என்னிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். “அண்டைக்குத் தெரியாமல் செய்துபோட்டீர். அதுக்குப் பிறகு எங்கடை கதையை ஒரு இடத்திலையும் நீர் கதைக்கேல்லை. நான் விசாரிச்சனான்” என்றார். அதே வாரம் திருச்சியிலிருந்து கடிதம் வந்தது. மகளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. மனைவிக்கும் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. “இனி நாங்கள் அங்கே வருவது நடக்காது. நீங்கள் எப்படியாவது இங்கே வரப் பாருங்கள்” என்று எழுதியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் வீட்டு முற்றத்தில் மணவறையைக் கட்டினேன். நல்லாய்த்தான் வந்திருந்தது. பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் என்னை வேலியோரமாகக் கூப்பிட்டு, ஆவணியில் வசதிப்படுமா என்று காதோடு காதாக விசாரித்தார்கள். நானும் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னேன். பிறகு பலகை தாங்குமா என்று பாரம் பார்க்க வேண்டியிருந்தது. மாத்தளையில் இதற்கு நானும் மனைவியும்தான் ஏறி உட்காருவோம். அவள் வேண்டுமென்றே புதுப்பெண் மாதிரித் தலையைக் குனிந்துகொள்வாள், சிரிப்பை அடக்கத் தெரியாது. இங்கே நான் யாரைக் கூப்பிடுவது? சமையலுக்கு வந்திருந்த அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து பெண் இருக்கிற பக்கம் வைத்துவிட்டு, மற்றப் பக்கம் நான் உட்கார்ந்தேன். பலகை அசையவில்லை.

மாஸ்டரின் மனைவி தேநீரோடு வந்தார். “என்ன தம்பி, மூட்டையோடை மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். “உம்மடை மனிசியும் பிள்ளையும் எப்ப வருகினம்?”

மூட்டை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தேநீரை வாங்கினேன்.

“ஆவணிக்கு ரெண்டு கல்யாணம் கேட்டிருக்காங்கம்மா” என்றேன்.