மேவிஸின் பாதிக் கூப்பாடு

முள்வேலிக்குள் நுழைவதில் மேவிஸ் மகா கெட்டிக்காரி. கீழ்க்கம்பியை மிதித்து, மேல்கம்பியைத் தூக்கி, பாவாடை கிழியாமல் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஆனால் ஒளிந்து வருவதில் அவளைப் போல ஒரு மக்கு மாட்டுப்பண்ணைகள் நிறைந்த அந்த வடக்கு வளைகுடாச் சீமையிலேயே கிடையாது. பண்ணைக்குள் பூனை மாதிரி புகுந்து, பிரோல்கா மடுவரை மூச்சுவிடாமல் நடந்து, கரைக்கு வந்ததும் தொண்டை கிழியக் கத்துவாள்.

கத்தாமல் முடியாது. அந்த மடுவில் அவளுடைய செத்துப்போன பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிடி மணலை அள்ளித் தண்ணீரில் போட்டு, இன்னார் மகள் வந்திருக்கிறேன், கூட வந்தவள் இன்னார் மகள், மீன் கொடுங்கள், பிள்ளைகளுக்கு நோய்நொடி வராமல் பாருங்கள் என்று உரக்கச் சொன்ன பிறகுதான் தண்ணீரில் கால் வைக்கலாம். சொல்லாமல் இறங்குகிறவர் திருடர். பண்ணைக்காரன் நெவிலின் வேலிக்குள் திருட்டுத்தனமாக நுழைய மேவிஸுக்குக் கூச்சமே கிடையாது. சொந்தக்காரர்கள் முன்னால் திருடியாக நிற்கத்தான் மனம் வராது.

கூப்பாடு பாதியை எட்டும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து நெவிலின் டொயோட்டா ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிடும். அவனுக்கு அப்படி ஒரு காது. கத்துவான், விரட்டுவான். மேவிஸ் தூண்டிலை ஆற அமரச் சுருட்டிக்கொண்டு கிளம்புவாள். மறுவருஷம் மறுபடி வருவாள். இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது.

அவள் பிறந்தது அந்த மடுக்கரை மரத்தடியில். அப்பா அந்தப் பண்ணை மாடுகளை ஓட்டியவர். பூர்வகுடிக் கறுப்பர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்குச் சமமான சம்பளம் என்று சட்டம் வந்ததும், அப்போதிருந்த முதலாளி எல்லோரையும் லாரியில் ஏற்றி டவுனுக்கு அனுப்பிவிட்டார். நெவில் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்த பிறகு ஒருதடவைகூட அவள் கூப்பாட்டை முடித்ததில்லை. எதையும் கேலி பேசியே பழகியவள் இதை மட்டும் கேலி பேச மாட்டாள்.

மேவிஸ் கூட்டம் போட்ட பூர்வீக உரிமை வழக்கு வந்தபோது நீதிபதியம்மா மடுக்கரைக்கே வந்து மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தார். வெள்ளைக்காரர்கள் வந்த நாளிலிருந்து விடாமல் இந்த மண்ணோடும் அதன் வழக்கத்தோடும் ஒட்டி இருந்தீர்களா என்பதுதான் கேள்வி. லாரி போன அன்றே எல்லாம் அறுந்துபோயிற்று என்றார் பண்ணைப் பக்கத்து வக்கீல். வருஷா வருஷம் வந்தேன் என்றாள் மேவிஸ். பார்த்தது யார் என்று வக்கீல் கேட்டார். அண்ணன் மகள் லோர்னாவைக் காட்டினாள். வீட்டு ஆள் சாட்சியா என்று அவர் சிரித்தார். வழக்கு தோற்றால் அப்புறம் ஹாரன் வராது, போலீஸ்தான் வரும்.

அடுத்த சாட்சி நெவில். யாரும் வந்துபோவதில்லை என்று மட்டும் சொன்னால் போதும். குத்தகை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அவனும் வக்கீலிடம் தலையாட்டியிருந்தான்.

இடையில் தேநீர் கொடுத்தார்கள். மேவிஸ் குவளையோடு நெவிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவன் காதில் விழும்படி லோர்னாவிடம் பேசினாள்.

"அது ஒரு வேலியாடி? நான் பாட்டுக்கு வருவேன், ஆமை புடிப்பேன், போவேன். அந்த மனுஷன் என்னிக்காவது என்னப் புடிச்சிருப்பாரா? குறட்டை விட்டுட்டுக் கெடப்பாரு."

"என்ன அத்த, அவருதானே ஒவ்வொரு தடவையும்..." என்று ஆரம்பித்த லோர்னாவின் காலை மேவிஸ் ஓங்கி மிதித்தாள். நெவிலின் கழுத்து சிவப்பதைத் தோளுக்கு மேலாக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

சாட்சி சொல்ல உட்கார்ந்தவனிடம் வக்கீல், இங்கே யாராவது வருவதுண்டா என்று கேட்டதுதான் தாமதம்.

"நான் ஒண்ணும் தூங்குற ஆளு இல்லம்மா," என்றான் நெவில், நேராக நீதிபதியம்மாவைப் பார்த்து. "இந்தப் பொம்பள ஒரு வருஷம் விட்டதில்ல. ஒவ்வொரு தடவையும் நான் புடிச்சிருக்கேன்."

வக்கீல் போதும் போதும் என்றார். நீதிபதியம்மா விடவில்லை, வந்தது எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"கத்துவாளே. இதோ, இங்கதான் நிப்பா. இப்படி மணல அள்ளிப் போடுவா. அப்புறம் அவ பாஷையில..."

சொன்னதோடு நிற்காமல் எழுந்து போய், குனிந்து மணலை அள்ளித் தண்ணீரில் போட்டு, மேவிஸின் அதே ராகத்தில் கூவினான். அட்சரம் பிசகவில்லை. பாதியில் நின்றான். அவன் ஹாரன் வழக்கமாக வரும் இடம் அது. அதற்குமேல் அவன் கேட்டதே இல்லை.

மரத்தடிக் கூட்டம் முதலில் திகைத்தது, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தது. கையில் ஒட்டிய மணலோடு சுற்றிலும் பார்த்த நெவிலுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது மெல்லத்தான் உறைத்தது. வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தீர்ப்பில் குத்தகையும் மாடுகளும் நெவிலிடமே இருந்தன, மண்ணின் உரிமை மேவிஸ் கூட்டத்துக்கும் வந்தது. பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து நிலத்தை எப்படிச் சேர்ந்து புழங்குவது என்று ஒப்பந்தம் எழுதின. வருமுன் போன் பண்ண வேண்டும். கேட்டைத் திறந்தவர் மூட வேண்டும். இந்த இரண்டாவதில் நெவில் ஒற்றைக்காலில் நின்றான். மேவிஸ் கைக்குக் கேட் சாவி வந்தது.

போன் பண்ணிவிட்டு, முதல்முறையாக கேட் வழியாக வந்தாள். மூடிப் பூட்டிவிட்டுத்தான் மடுவுக்குப் போனாள். மணலைப் போட்டுக் கூப்பாட்டில் பாதி வந்திருப்பாள், ஹாரன் அலறியது. அவள் வாய் தானாக அடைத்துக்கொண்டது. விரலை நீட்டிக்கொண்டு குதித்த நெவில் பாதி வழியில் நின்று விழித்தான்.

"போன் பண்ணேனே, பாஸ்."

"பண்ண. இல்லங்கல. சத்தம் காதுல விழுந்துச்சு, வண்டிய எடுத்துட்டேன்."

மேவிஸ் அவன் வந்த வழியைப் பார்த்தாள். "கேட்ட மூடுனீங்களா?"

திரும்பினான். ஆவெனத் திறந்து கிடந்த கேட்டைத் தாண்டி மாடுகள் வரிசையாக ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"மூடிட்டு வாங்க. ஒரு வேலை இருக்கு."

மாடுகளை மடக்கி, கேட்டைச் சாத்தி, வியர்த்து வழிய வந்தான். மேவிஸ் முதலிலிருந்து தொடங்கினாள். இந்தமுறை கடைசிச் சொல்வரை போனாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு ஈரக்கையால் நெவிலின் வழுக்கைத் தலையைத் தடவி, இன்னும் கொஞ்சம் கூவினாள்.

"என்ன சொன்ன?"

"உங்களப் பத்தித்தான். இத்தன வருஷமா எங்க பெரியவங்ககிட்டச் சொல்லாமயே தண்ணி எடுத்துட்டிருந்தீங்க. இந்த ஆளு திருடன் இல்ல, சும்மா சத்தம் போடுவாரு, அவ்வளவுதான்னு சொல்லியிருக்கேன்."

நெவில் தொப்பியைக் கையில் பிடித்தபடி மடுவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்க என்ன சொல்றாங்க?"

"அடுத்த தடவை நீங்களும் போன் பண்ணிட்டு வரணுமாம்."