முன்னுக்கு வராத படகு

கறுத்து மெலிந்த அந்தப் படகோட்டி ஆற்றைப் பார்க்காமல் கரையையே பார்த்து ஓட்டினார். என்னை ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பும்போது, மலையில் பெய்த மழையால் மகாவலி ஆறு பெருகி எதிர்த்து அடித்தது. மோட்டாரை எவ்வளவு முறுக்கியும் கரையிலிருந்த மூங்கில் புதர் எங்களை விட்டு விலகவே இல்லை. நடு ஆற்றில் மாட்டிக்கொண்ட பயத்தில் எரிந்து விழுந்தேன்.

“பெரிய மோட்டார் ஒன்னு வாங்கிப் போட்டா என்ன அண்ணே?”

“அதுக்கு அனுமதி இல்லீங்க ஐயா. அலை அடிச்சுக் கரை இடியுமாம். அந்த மூங்கிலுக்குப் பின்னாலதான் நம்ம வீடு. நானும் முன்னுக்கு வரல. வீடும் ஆத்தோட போகல.”

அந்தச் சட்டத்தை அவர் திட்டினாரா, வாழ்த்தினாரா? இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. மோட்டார் அலறிக்கொண்டே இருந்தது. மூங்கில் அங்கேயே நின்றது.