நைனா காருக்கு நான் போட்ட ஜடை

பெட்ரோல் வாசனை வந்தா எனக்கு இன்னும் ஆந்திரா எல்லையில இருக்கற எங்க ஊரு நகரிதான் ஞாபகம்...

வீட்டு முன்னாடி பானெட்டைத் தொறந்துபோட்டு நைனா குனிஞ்சிருப்பாரு. தெரு முழுக்க பவர்லூம் சத்தம் ஓடிகினு இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சின்ன வெள்ளைக் காரு, இஞ்சின்ல மூணே ஸ்பார்க் பிளக்கு. மெக்கானிக்கிட்ட போகமாட்டாரு. "தறியையே நான் ரிப்பேர் பண்றேன், இது என்ன பெருசு"ம்பாரு.

ஒரு ஆயுத பூஜைக்கு நான் ஒரு வேலை பண்ணேன். பிளக்குக்குப் போற மூணு கறுப்பு வயர்லயும் தறியில மிஞ்சின நூலை வயருக்கு ஒரு நிறமா கட்டி, காருக்கு ஜடை போட்டுவிட்டேன். மஞ்சள், அரக்கு, பச்சை... அப்ப நெய்துகினு இருந்த சேலை பார்டர் வரிசை.

"வண்டிக்கு என்னடி, கல்யாணமா?"னு திட்டினாரு. ஆனா அவுக்கல.

அப்புறம் அக்காவுக்கு ஐதராபாத்துல முதல் வேலை கெடச்சது. ரேணிகுண்டால மத்தியானம் டிரெயின். பொட்டி ஏறியாச்சு, காரு மட்டும் இருமிகினு நிக்குது.

"பிளக்குதான்... இதோ ஆச்சு"னு நைனா மூணு வயரையும் ஒண்ணா உருவிட்டாரு. திருப்பதியில வாங்கி வச்சிருந்த புதுப் பிளக்கைத் திருகினாரு. அப்பதான் வயரோட அப்படியே நின்னாரு... எது எதுக்கு?

பிளக்குல புலி, வரிசையில எலி.

மாத்தி மாத்தி சொருகினாரு. டப்புனு சத்தம், புகை.

"டைம் அயிபோயிந்தி நைனா"ன்னா அக்கா. நேரம் ஆயிடுச்சாம். அழுகை வந்தா அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

எனக்கு வரிசை தெரியும். வாயைத் தொறக்கலன்னா டிரெயின் போயிடும்... அக்கா இங்கயே இருப்பா. ஒரே போர்வை, ஒரே ரேடியோ...

"ஏண்டி, நீகூட ஊமையாயிட்ட?"னு என்னைப் பாத்தா.

"மஞ்சள் இந்தப் பக்கம் நைனா... நடுவுல அரக்கு... கடைசியில பச்சை."

சாவி போட்டதும் கெளம்பிட்டது. தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது... அப்புறம் தறி சத்தத்துல கரைஞ்சிட்டது.

போன மாசம் அக்கா பெங்களூர்ல இருந்து சொந்தக் கார்ல வந்தா. பானெட்டைத் தொறந்து தேடினேன், பிளக்கே கெடையாது. கரண்ட் வண்டியாம். செவுத்து பிளக்ல சொருகினா போதுமாம்.

கெளம்பறப்போ ஒருவேளை இருமுமோன்னு நின்னுகினே இருந்தேன். சத்தமே இல்லாம போயிட்டா...

மறுநாள் போன். "சார்ஜர் வயர்ல அரக்கு நூலு... நீ இன்னும் திருந்தலயாடி?"

"அவுத்துட்டியாக்கா?"



"இல்லடி"ன்னா.